உமர் பாரூக்கின் முழங்கால் படம்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை. பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரத்துக்கு எழுதுகிறான் என்பார்கள். அதன் முதல் மாடியில் சுவருக்குச் சுவர் வெள்ளைத் துணி விரித்த மெத்தை. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே வந்து இந்த மெத்தையில் உட்காருவார்கள். எதிரே விற்பனைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாக உதறிப் போடுவார். மெத்தையில் விற்பனைக்காரர்கள் ஆறு பேருக்கு இடம் உண்டு. நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பது முதல் இடம். படியேறி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அங்கே இருப்பவர்தான். பெரிய குடும்பங்கள் நேராக அவர் முன்னால்தான் போய் உட்காரும். பத்தொன்பது வருடமாக அந்த இடம் உமர் பாரூக்குடையது.

கோட்டைமேட்டுக்காரர். வயது நாற்பத்தொன்று. கடையில் எல்லாருக்கும் பாய். படியில் யார் தலை தெரிந்தாலும் சம்மணத்திலிருந்து முட்டி போட்டு எழுந்து, "வாங்கம்மா, வாங்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். யாராவது கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வது அவரால் ஆகாது. "ஏனுங் பாய்" என்று ஆரம்பித்தாலே உடம்பு பாதி எழுந்துவிடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை என்று வைத்துக்கொண்டாலும் பத்தொன்பது வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்பது அவருடைய முட்டிக்குத்தான் தெரியும்.

சேலையில் ஓர் இழை விட்டிருந்தால், வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் தானே திருப்பிக் காட்டிவிடுவார். "இந்த எடத்துல பாருங்கம்மா, ஒரு நூலு விட்டிருக்குதுங்க. வேற எடுத்துத் தாரேன்." இதைக் கேட்டு முதலாளி கிருபாசங்கர் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்தெல்லாம் "அந்த பாய் இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வர ஆரம்பித்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"உங்களுக்குப் பொய்யே வராது. சேலை விக்க மட்டும் எப்படித்தான் வருதோ" என்பார் மனைவி சாஜிதா பேகம். இன்றைக்குக் குழம்பு எப்படி என்று அவர் கேட்டால் பாய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். அதற்கான பலனையும் அவ்வப்போது அனுபவித்து வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலையும் தோட்டமும் உள்ள மாசாணியம்மாள், மூத்த மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தார். பாய் முன்னால் நாலு மணி நேரம் மெத்தையில் உட்கார்ந்து எடுத்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கையை ஊன்றித் தடுமாறினார். பாய் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? சம்மணத்திலிருந்து ஒரே மூச்சில் எழுந்தார். வலது முட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். அந்த அம்மாவுக்குக் கை கொடுத்து எழுப்பி, படியில் கூடவே இறங்கி, வாசல்வரை போய், கார்க் கதவைச் சாத்தி, கும்பிட்டு, கார் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் நொண்ட ஆரம்பித்தார்.

டாக்டர் நஞ்சப்பன் பார்த்துவிட்டுச் சொன்னார்: மூட்டில் எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் பழைய எட்டணா அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. தைலம், ஒத்தடம், உறவுக்காரர்கள் சொன்ன எல்லாக் கஷாயம் என்று ஒரு வருடம் கழிந்த பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. அவர் முட்டியிலிருந்தே கொஞ்சம் செல் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அந்தப் பள்ளத்தில் நிரப்பி, பிசின் மாதிரி ஒன்றை வைத்து ஒட்டினார்கள்.

"ஒட்டினது புடிச்சுதா இல்லையான்னு ஒரு வருசம் கழிச்சு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமுங்க. அதுவரைக்கும் கீழ உக்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, முட்டி போடக் கூடாது" என்றார் டாக்டர்.

உமர் பாரூக்குக்குத் தெரிந்த வாழ்க்கை மொத்தமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. கடையில் கீழே உட்கார வேண்டும். வீட்டில் சாப்பிடக் கீழே உட்கார வேண்டும். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழும் பெரியவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்த வரிசையில் அவர்தான் இளைஞர். எழுபது வயதுக்காரர் ஒருவர், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று இடம் விட்டபோது அவருக்கு அழுகை வந்தது.

கடையில் நிற்கிற வேலை என்று பார்த்தால் வாசல்தான் இருந்தது. அங்கே நின்று, "வாங்க, வாங்க, பட்டு மேல இருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு சங்கடம், வருகிறவர்கள் எல்லாரும் அவர் சொன்னபடி மேலே போய்விடுகிறார்கள். மேலே முதல் இடத்தில் சசிதர் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, கெட்டிக்காரன். அவன்மேல் கோபப்படவும் வழியில்லை. "பாய், உங்க எடத்தைத் தொடச்சு வச்சுப்போட்டுத்தானுங்க உக்கார்றேன்" என்பான். அதுதான் உமர் பாரூக்குக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வருடம் முடிந்த வாரத்தில் கிருபாசங்கர் அவரைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏனுங் பாய், வர்ற வியாழக்கிழமை காங்கேயத்து அம்மா வர்றாங்க. ரெண்டாவது புள்ளை கனிஷ்காவுக்குக் கல்யாணம். அதுக்குள்ள படம் எடுத்துருவீங்களா?"

"சனிக்கிழமை எடுக்கறேனுங்ணா."

"எடுங்க. டாக்டர் சரீன்னுட்டா மெத்தை உங்களோடது. இல்லீன்னா இந்த சீசன்லருந்து சசிதருக்கே வச்சுக்கலாமுங்க. எத்தனை நாளைக்குத்தான் அவனை 'பாய் வர்ற வரைக்கும்'னு சொல்லி உக்கார வெக்கிறது? தப்பா நெனச்சுக்காதீங்க."

"சரிங்ணா" என்றார் பாய். தப்பாகத்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் முதலாளி சொன்னதில் தப்பு இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன் சென்டர். படம் எடுப்பவர் பெயர் பிரத்யுஷா. இரும்பு ஏதாவது இருந்தால் எடுத்துவிடச் சொன்னார். பாய் சட்டைக் காலரின் அடியிலிருந்து குண்டூசிகளை உருவ ஆரம்பித்தார். பதினொன்று வந்தன. "இவ்வளவுதானுங்களா?" என்றார் பிரத்யுஷா. பாய் யோசித்து, கைமடிப்பிலிருந்து இன்னும் இரண்டு எடுத்தார்.

முட்டியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டை மாட்டி, காதில் ஹெட்போன் வைத்து, காலை மெஷினின் குகைக்குள் அனுப்பினார்கள். தலை வெளியேதான் இருந்தது.

"அரை மணி நேரமுங்ணா. நூலளவு அசைஞ்சாலும் படம் கலங்கிப் போயிரும்."

"நூலளவுன்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியுமுங்க, அம்மணி."

மெஷின் டக் டக்கென்று இடித்தது, உறுமியது, மறுபடி இடித்தது. பாய் கல்லாகக் கிடந்தார். முதல் சுற்று முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பிரத்யுஷா அக்கறையாகக் கேட்டார்: "ஏனுங்ணா, சிரமமில்லீங்களே?"

பாய் பாதி எழுந்துவிட்டார். "இல்லீங்க அம்மணி, சொல்லுங்க!"

இடுப்பு எழுந்தால் முட்டி நகர்ந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். "இனிமே அசையாதீங்ணா" என்றார் பிரத்யுஷா. "சரிங்க" என்றார் பாய். அந்தச் சரிங்கவுக்கும் ஒரு சின்ன எழும்பல் இருந்தது. மூன்றாவது தடவை எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தைரியம் சொல்வதாக நினைத்து, "இன்னும் ரெண்டே படமுங்ணா" என்று பிரத்யுஷா வாய் திறந்தார். பாய் முழங்கையை ஊன்றிவிட்டார். பிரத்யுஷா உள்ளே வந்து, "ஏனுங்ணா இப்பிடி எந்திரிச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கும் எழுந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னார்.

வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அதற்கு மேல் நேரமில்லாமல் கிடைத்த படத்தோடு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இப்படி வந்தது: நோயாளி அசைந்ததால் படங்கள் தெளிவாக இல்லை, ஒட்டிய பகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலவில்லை.

வீட்டில் சாஜிதா பேகம் அதை இரண்டு தடவை படித்தார். "ஏங்க, படுத்துக் கெடக்கறதுக்குக்கூட உங்களுக்குத் தெரியலீங்களா?"

"கூப்பிட்டாங்க, சாஜிதா."

"கூப்பிட்டா?"

அன்று மதியத்துக்கு மேல் பாய் கடை வாசலில் நின்று யோசித்தார். கூப்பிட்டால் எழாமல் இருந்த சமயம் தன் வாழ்க்கையில் எப்போதாவது உண்டா? சாயங்காலம் நாலு மணிக்கு ஞாபகம் வந்தது. உண்டு.

வாங்குகிறவர் கடைசியாக இரண்டு சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு இதுவா அதுவா என்று பார்க்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் விற்பனைக்காரன் பேசக் கூடாது, இருமக் கூடாது, பக்கத்துச் சேலையை மடிக்கக் கூடாது. வாய் திறந்தால் ரெண்டையும் போட்டுவிட்டு, "மத்த கடையும் பார்த்துட்டு வாரோமுங்க" என்று எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் மாடியே தீப்பிடித்தாலும் பாய் அசைய மாட்டார்.

திங்கட்கிழமை மறுபடி போனார். குண்டூசிகளை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

"அம்மணி, ஒரு ஒத்தாசை. மெஷின் நின்னாலும் சரி, நான் மூச்சு விடலீன்னு தோணுனாலும் சரி, ஒண்ணும் பேசாதீங்க. நான் ரெண்டு சேலை எடுத்துக் குடுத்துக்கறேன்."

"யாருக்குங்ணா?"

"காங்கேயத்து அம்மாவுக்குங்க."

பிரத்யுஷா மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வேலையில் எல்லா விதமான ஆட்களையும் பார்த்தவர்.

பாய் கண்ணை மூடினார். மனசுக்குள் மாசாணியம்மாளை எதிரே உட்கார வைத்தார். ஒரு கையில் அரக்கு, மறு கையில் மயில்கழுத்து நீலம். அந்த அம்மா அரக்கைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், மறுபடி அரக்கைப் பார்த்தார். மெஷின் என்னென்னமோ செய்தது. முப்பத்தைந்து நிமிடம் ஆகியும் அந்த அம்மா முடிவு செய்யவில்லை.

"ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேனுங்ணா" என்றார் பிரத்யுஷா, அவரை வெளியே இழுத்தபோது. "இவ்வளவு சுத்தமான படம் இந்த மாசத்துலயே வரலீங்க."

செவ்வாய்க்கிழமை டாக்டர் நஞ்சப்பன் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டார். முதலில் கறுப்பு வெள்ளை. அப்புறம் குருத்தெலும்பின் தரத்தை நிறமாகக் காட்டுகிற படம் ஒன்று. பச்சை, மஞ்சள், சிவப்பு. பாய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பள்ளம் நல்லா ரொம்பியிருக்குதுங்க. ஒசரம் பாருங்க, பக்கத்துல இருக்கற பழைய ஜவ்வு மட்டத்துக்கு வந்திருச்சு. கலரும் கிட்டத்தட்ட ஒத்துப் போவுது. ஒட்டினதுல இது நெம்ப நல்ல…"

"டாக்டருங்க."

"சொல்லுங்க."

பாயின் விரல் திரையின் ஓர் ஓரத்தில் நின்றது. "இந்தப் பக்கம், பழசும் புதுசும் சேர்ற எடத்துல, ஒரு இழை விட்டிருக்குதுங்களே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "அதைத்தானுங்க சொல்ல வந்தேன். மூணு பக்கம் ஒட்டிருச்சு. இந்த ஒரு பக்கம் மயிரிழை அளவு எடைவெளி. மூட்டுத் தண்ணி உள்ள எறங்குது, அதுதான் வெள்ளைக் கோடாத் தெரியுது. காலம் குடுத்தா மூடிக்கும். இன்னும் ஆறு மாசம் சம்மணம் வேண்டாமுங்க. நடங்க, நில்லுங்க, சேர்ல உக்காருங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுக்கலாம்."

"வியாழக்கிழமை ஒரு நாளு மட்டும் உக்காந்துக்கட்டுங்களா? நாலு மணி நேரமுங்க."

"அந்த நாலு மணி நேரத்துல இந்த ஓரம் பேந்துருச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். நீங்களே சொல்லுங்க."

பாய் படத்தை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஒரு மயிரிழை. சேலையாக இருந்தால் வேறு எடுத்துத் தரலாம்.

கிருபாசங்கர் பெரிய கவரிலிருந்து ஃபிலிமை உருவி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார், தலைகீழாக. சசிதரும் எட்டிப் பார்த்தான்.

"பளபளன்னு நல்லாத்தானுங்க இருக்குது!" என்றார் முதலாளி. "எல்லாம் கூடிருச்சாட்ட இருக்குதே. ஏனுங் பாய், வியாழக்கிழமை உக்காந்தர்றீங்களா?"

டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே முடிவு செய்துகொண்டிருந்தார். பாய்க்குத் தொழில் தெரியும். வாங்குகிறவர் கையில் எடுத்து முடிவு செய்கிற நேரத்தில் பேசக் கூடாது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, சும்மா இருந்தால் போதும். முதல் இடம் வந்துவிடும். உமர் பாரூக் நாலு மூச்சு சும்மா இருந்தார்.

அப்புறம் கையை நீட்டி ஃபிலிமை நேராகத் திருப்பினார். "இந்த எடத்துல பாருங்ணா. ஒரு நூலு விட்டிருக்குதுங்க. ஆறு மாசம் ஆகுமுங்க."

கிருபாசங்கர் அந்த வெள்ளைக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஃபிலிமைக் கவரில் போட்டு, கவரை நீவி, அவர் கையில் கொடுத்தார். "சரிங் பாய்" என்றார். சசிதரைப் பார்த்து, "வியாழக்கிழமை நீ பார்த்துக்க" என்றார். சசிதர் தலையைக் குனிந்துகொண்டான். சந்தோஷத்தை மறைக்கத்தான், வேறெதற்கு?

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாசாணியம்மாளின் கார் வந்தது. கூடவே கனிஷ்கா, இன்னும் ஏழெட்டு உறவுக்காரர்கள். பாய் வாசலில் நின்று, "வாங்கம்மா, வாங்க அம்மணி, பட்டு மேல இருக்குதுங்க" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறிப் போனார். பாய் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேலேயிருந்து கூப்பாடு. போனால், உறவுக்காரர்கள் எல்லாரும் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சசிதர் முதல் இடத்தில் இருக்கிறான், மாசாணியம்மாள் மட்டும் நிற்கிறார். கிருபாசங்கர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங் பாய், எதுக்குங்க வாசல்ல நிக்கறீங்க? என்ற மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்றார் அந்த அம்மா.

"அய்யய்யோ, இல்லீங்கம்மா! முட்டியில ஆப்பரேசன் ஆச்சுங்க. இன்னும் ஆறு மாசம் கீழ உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க."

மாசாணியம்மாள் மெத்தையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு எட்டு வருசமா உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பாய் ஓர் அடி முன்னால் வந்தார். "பின்ன எப்பிடிங்கம்மா போன தடவை நாலு மணி நேரம்…"

"நீங்க கீழ உக்காந்து எடுத்துப் போடறீங்க. நான் சேர் போட்டு மேல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தா மரியாதையாவா இருக்கும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிக்கவே முடியலீங்க. நீங்கதான் கை குடுத்துத் தூக்கிவிட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கம்மா" என்றார் பாய். "நீங்க ஒரு சேர் கேட்டிருக்கலாமுங்களே."

"நீங்க ஒரு டேபிள் கேட்டிருக்கலாமே?"

"நீங்க கீழ உக்காந்திருக்கையில நான் எப்பிடிங்கம்மா கேக்கறது?"

முதலில் சுதாரித்தவர் கிருபாசங்கர். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற பகுதியிலிருந்து நீள மேசையைத் தூக்கிவரச் சொன்னார். மேல் விரிக்க வெள்ளைத் துணி வந்தது, இரண்டு பக்கமும் நாற்காலி வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைப் போட இடமில்லாததால் ஜன்னலோரம் போட்டார்கள். முதல் இடம் சசிதருக்கே நின்றுவிட்டது. ஆனால் அவன் எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலோரம் வந்துவிட்டார்கள்.

மாசாணியம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, "ஸ்… அப்பாடா" என்றார். எட்டு வருட அப்பாடா. எதிர் நாற்காலியில் உமர் பாரூக் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் கை பட்டை உதறியது. கண் கலங்கிவிட்டது, நல்லவேளை, சேலை அகலமாக இருந்தது.

மதியத்துக்குள் கனிஷ்காவுக்கு முகூர்த்தப் பட்டு முடிந்து, அம்மாவுக்கு எடுக்கும் கட்டம் வந்தது. மாசாணியம்மாள் சேலையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமாங் பாய், உங்களுக்கு எப்பிடி முட்டி போச்சு? போன தடவை நாங்க வந்தப்ப ஜம்முன்னு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தீங்களே?"

உமர் பாரூக்குக்கு நாள் தெரியும், மணி தெரியும், டக்கென்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எதிரே அந்த அம்மா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல ஏறுறப்ப வழுக்கிடுச்சுங்கம்மா" என்றார்.

"அடப் பாவமே" என்றார் மாசாணியம்மாள். "பார்த்து ஏறக் கூடாதுங்களா?"

பிறகு அரக்கை ஒரு கையிலும் மயில்கழுத்து நீலத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார். உமர் பாரூக் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.